பக்கத்துத் தோப்பில் கொய்யா, நம்ம மாம்பழத்தில் புழு

“ட்ராப்புல டப்பா டப்பாவா ஈ விழுது, ஆனா பழத்தை அறுத்தா புழு அப்படியே இருக்குதுங்க.” மாந்தோப்பு வைத்திருக்கிறவர்கள் யாரிடம் பேசினாலும் மே மாசம் தாண்டினால் பழ ஈ பற்றி இந்தப் புலம்பல் வந்துவிடும். லூர் (ஈயை இழுக்க ட்ராப்புக்குள் வைக்கிற வாசனைப் பொருள்) போலி, ட்ராப் விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். போலி லூர் இருக்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் டப்பா நிறைய ஈ விழுகிறது என்றால் லூர் நன்றாகத்தானே வேலை செய்கிறது? அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உங்கள் தோப்பைச் சுற்றி நாலு பக்கமும் என்ன நிற்கிறது?

எங்களுக்குப் பழனிப் பக்கம், மலையடிவாரம். தோப்புக்கு மேற்கே கொய்யா, தெற்கே சப்போட்டா, வடக்கே பாகல் பந்தல், கிழக்கே ரோடு, ரோட்டோரம் நாட்டு பாதாம் மரங்கள். ஆயக்குடிக் கொய்யா என்று கூடை கூடையாக விற்கிறார்களே, அந்த வட்டாரத்தில் யார் மாந்தோப்பு வைத்திருந்தாலும் கொஞ்சம் முன்னே பின்னே இதே அமைப்புதான். எங்காவது ஒரு பக்கம் கொய்யா இருக்கும். இந்த அமைப்பில் பழ ஈயை மாந்தோப்புப் பிரச்சினையாக மட்டும் பார்த்தால் வருஷா வருஷம் செலவுதான் கூடும், புழு குறையாது என்பது என் கருத்து. மாமரத்துக்கு என்ன செய்கிறோம் என்பதைவிட எல்லை ஓரத்திலும் எல்லைக்கு அந்தப் பக்கமும் என்ன நடக்கிறது என்பதுதான் கணக்கு.

முதலில் எந்த ஈ என்று தெளிவாகிவிடுவோம். கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பொடிப் பொடியாகப் பறக்குமே, அது இல்லை. அது ஏற்கெனவே கெட்டுப்போனதைத் தின்கிற ஜீவன், அதனால் நமக்கு நஷ்டம் ஒன்றும் கிடையாது. நமக்குப் பகை பேக்டிரோசெரா டார்சாலிஸ் என்கிற ஈ. ஏறக்குறைய வீட்டு ஈ அளவுதான் இருக்கும், ஆனால் இடுப்பு ஒடுங்கி, சட்டென்று பார்த்தால் சின்னக் குளவியோ என்று தோன்றும். முதுகு பெரும்பாலும் கறுப்பு, அதன் இரண்டு ஓரத்திலும் மஞ்சள் கோடு. பெண் ஈயின் வயிற்று நுனி கூர்மையாக நீண்டிருக்கும். அதை வைத்துத்தான் முற்றிய காயின் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைக்கிறது. இதற்கு ஜோனாட்டா, கரெக்டா என்று இரண்டு பங்காளிகளும் நம் பக்கம் உண்டு. மூன்றுமே மெத்தில் யூஜினால் என்கிற லூர் வைத்த ட்ராப்புக்கு வரும், மூன்றுமே மாவுக்கும் கொய்யாவுக்கும் போய்வரும். டார்சாலிஸ் ஒன்றுக்கே முந்நூறுக்கும் மேற்பட்ட செடி கொடி மரங்கள் தீனி. கொய்யா, சப்போட்டா, சீத்தா, பழுத்த பப்பாளி, நாட்டு பாதாம் என்று நம் ஊரில் பழுக்கிற பாதிப் பழம் அந்தப் பட்டியலில் வந்துவிடும்.

பாகல் பந்தலில் விழுவது வேறு ஈ. பாகல், புடலை, பீர்க்கு, சுரை, வெள்ளரி, இந்தக் கொடிக் குடும்பத்தில் விழுவதற்கு ஜூகோடேகஸ் குகர்பிடே என்று பேர். உடம்பு செம்பழுப்பாக இருக்கும், முதுகில் மூன்று மஞ்சள் கோடு, இறக்கை நுனியில் கருத்த பொட்டு. மெத்தில் யூஜினால் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்காது, கியூ லூர் என்கிற வேறு லூர் வைத்தால்தான் வரும். இலந்தையில் புழு வைப்பது இன்னொரு ஈ, அது இலந்தையை விட்டு நகராது. இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், பந்தல் போட்டவரோடு மாந்தோப்புக்காரர் சண்டைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். “உன் பாகக்காயிலிருந்துதான் வருது” என்று. அவரால் மாங்காய்க்கு வருகிற கெடுதல் அநேகமாக ஒன்றுமில்லை. சண்டை போட்டே ஆக வேண்டும் என்றால் கொய்யாக்காரரோடு போடலாம். அதுவும் வேண்டாம் என்பேன், அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

சந்தேகம் இருந்தால் பார்த்துவிடுவது சுலபம். எல்லைக்கு அந்தப் பக்கம் கீழே கிடக்கிற பழங்களைக் கொஞ்சம் பொறுக்கி, அடியில் நாலு விரல் அளவு மணல் போட்ட பக்கெட்டில் வையுங்கள், வாயை வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டி நிழலில் வைத்துவிடுங்கள். புழு முற்றியதும் பழத்தை விட்டு வெளியே வரும், சில சமயம் உடம்பை வளைத்துத் தெறித்துக் குதிக்கும், அப்புறம் மணலுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகும். பழத்தில் புழு எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதைப் பொறுத்து இரண்டு மூன்று வாரத்தில் துணிக்கு அடியில் ஈ பறக்கும். வெளியே விட்டுவிடாமல் கொன்றுவிட்டு முதுகையும் இறக்கையையும் பாருங்கள். கொய்யாவிலிருந்து வந்ததும் பாதாமிலிருந்து வந்ததும் உங்கள் மாம்பழத்திலிருந்து வந்ததும் ஒரே ஈ என்று கண்ணால் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பக்கத்துத் தோப்புக்காரரிடம் பேசுவதற்கும் அந்த பக்கெட்டே போதும், வேறு ஆதாரம் தேவைப்படாது.

நம் வெயிலுக்கு முட்டை பொரிய ஒன்றிரண்டு நாள், புழுவாக ஒரு வாரம் பத்து நாள், மண்ணுக்குள் கூடாகப் பத்து நாள் போல. வெளியே வந்த பெண் ஈ உடனே முட்டை வைக்காது. ஒரு வாரம், பத்து நாள் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டுதான் ஆரம்பிக்கும், ஆரம்பித்தால் ஆயுசுக்குள் நூற்றுக்கணக்கில் வைக்கும், சூழல் நன்றாக அமைந்தால் ஆயிரத்தையும் தாண்டும். இப்போது இதை வருஷக் கணக்கில் போட்டுப் பாருங்கள். மாம்பழம் எங்கள் பக்கம் சித்திரையில் தொடங்கி ஆடியில் முடியும். மாமரத்தை மட்டும் நம்பி இருந்தால் மீதி எட்டு மாசம் ஈ பட்டினிதான். கொய்யா அப்படியா? வருஷத்தில் இரண்டு மூன்று பட்டம் காய்க்கிறது, நடுவிலும் அங்கங்கே பழம் தொங்கிக்கொண்டே இருக்கும். மாம்பழம் முடிந்ததும் ஈ மழைக்காலக் கொய்யாவுக்குப் போகிறது, அங்கிருந்து சீத்தா, சப்போட்டா, பாதாம் என்று கிடைத்ததில் தொற்றிக்கொண்டு, மாசி பங்குனிக் கொய்யாவில் ஒரு தலைமுறையைப் பெருக்கிக்கொண்டு, நம் செந்தூரம் முற்றுகிற நேரத்துக்குச் சரியாக எல்லை தாண்டி வருகிறது. முதலில் வருகிற ரகங்கள் ஓரளவு தப்பிவிடும். கடைசியில் வருகிற நீலம்தான் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் அதற்குள் நம் தோப்பிலேயே ஒரு தலைமுறை ஈ பிறந்திருக்கும், ஒரு கோடை மழையும் பெய்து மண் இளகி, ஈ வெளியே வரத் தோதாகி இருக்கும்.

ட்ராப் விஷயத்துக்கு வருகிறேன். மெத்தில் யூஜினாலுக்கு வருவது ஆண் ஈ மட்டும். இந்தக் கண்டுபிடிப்பே நம் நாட்டில் நடந்ததுதான். பீகாரில் உள்ள பூசாவில் ஹவ்லெட் என்ற பூச்சியியல் விஞ்ஞானி, சிட்ரோனெல்லா எண்ணெய் வாசத்துக்கு ஆண் பழ ஈக்கள் மொய்ப்பதைக் கவனித்து 1912ல் எழுதினார், 1915ல் அந்த வாசத்துக்குக் காரணம் மெத்தில் யூஜினால் என்று சொன்னார். நம் துளசியிலும் இந்தப் பொருள் இருக்கிறது. துளசியைக் கசக்கித் தண்ணீரில் போட்டு அதில் விஷம் கலந்து சிரட்டையில் தொங்கவிடுகிற பழைய கேரளத்து முறைக்கும் அடிப்படை இதுதான். அரை மைல் தள்ளியிருக்கிற ஆண் ஈயைக்கூட இழுத்துக்கொண்டு வரும் என்கிறார்கள், அவ்வளவு பலமான மோகம்.

இதை வைத்து ஒரு தீவையே சுத்தம் செய்திருக்கிறார்கள். பசிபிக் கடலில் ரோட்டா என்று சுமார் 85 சதுர கிலோமீட்டர் தீவு. 1960களில் மெத்தில் யூஜினாலும் பூச்சிமருந்தும் ஊறவைத்த அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து போட்டு, டார்சாலிஸ் ஈயே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். ஜப்பானின் ஒகினாவா பக்கத்துத் தீவுகளிலும் இதே வழியில் ஆரம்பித்து 1986ல் முடித்துக் காட்டினார்கள். அதைப் படித்துவிட்டு ஏக்கருக்குப் பத்து ட்ராப் கட்டினால் நம் தோப்பிலும் அப்படி ஆகிவிடும் என்று நினைத்தால் எப்படி? ஒரு ஆண் ஈ பல பெண் ஈக்களோடு சேரும். நூறு ஆணில் தொண்ணூறைக் கொன்றாலும் மிச்சம் பத்தும் போதும், பெண் ஈக்கள் கருத்தரித்துவிடும். ரோட்டாவில் அந்த மிச்சத்தையும் விடாமல் கொல்ல முடிந்ததற்கு ஒரு காரணம், சுற்றிலும் கடல், வெளியிலிருந்து புது ஈ வர வழியில்லை. நமக்குச் சுற்றிலும் கொய்யா. அங்கேயே சாயங்கால வெளிச்சத்தில் ஜோடி சேர்ந்து, வயிறு நிறைய முட்டையோடு பறந்து வருகிற பெண் ஈ நம் ட்ராப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகக் காய்க்குப் போகும். டப்பாவில் குவிந்து கிடக்கிற ஈயில் பாதி பக்கத்துத் தோப்பு ஆண் ஈக்களாகவும் இருக்கலாம். அவை செத்ததில் நஷ்டமில்லை, ஆனால் நம் காய்க்கு அதனால் உடனடி லாபமும் இல்லை.

அதற்காக ட்ராப்பைக் கழற்றிவிடச் சொல்லவில்லை. நானும் கட்டுகிறேன். எத்தில் ஆல்கஹால் ஆறு பங்கு, மெத்தில் யூஜினால் நாலு பங்கு, மாலத்தியான் என்கிற பூச்சிமருந்து ஒரு பங்கு என்று கலந்து, பிளைவுட் துண்டுகளை இரண்டு நாள் ஊறவைத்துக் கட்டுவது பரவலாக இருக்கிற முறை. கடையில் ரெடியாகவும் கிடைக்கிறது. ஆள் உயரத்தில், நிழலில், இலை மறைக்காத கிளையில் தொங்க வேண்டும். அதை நான் பார்ப்பது முக்கியமாகக் காலண்டராகத்தான். கொய்யா எல்லையில் இரண்டு, தோப்பு நடுவில் இரண்டு, தெற்குச் சப்போட்டா எல்லையில் ஒன்று, பாதாம் மரத்துப் பக்கம் ஒன்று என்று வைத்து வாரா வாரம் எண்ணிக் குறித்துக்கொண்டால், ஈ எந்தப் பக்கத்திலிருந்து எப்போது ஏறுகிறது என்று தெரிந்துவிடும். எல்லை ட்ராப்பில் கூட்டம் ஏறி, நடு ட்ராப்பில் இன்னும் ஏறாமல் இருக்கிற அந்த இடைவெளிதான் நமக்கு வேலை செய்யக் கிடைக்கிற நேரம். எல்லா ட்ராப்பையும் ஒன்றாகக் கொட்டி ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறவர்களுக்கு இந்தத் தகவல் கிடைக்காது.

பெண் ஈயைப் பிடிக்க வேண்டும் என்றால் அதன் பசியைப் பிடிக்க வேண்டும். முட்டை முற்றுவதற்கு அதற்குப் புரதம் வேண்டும். பழச்சாறும் அசுவினி விடுகிற இனிப்பும் மட்டும் போதாது, பறவை எச்சம், ஈஸ்ட், இலை மேல் வளர்கிற நுண்ணுயிர் என்று தேடி அலையும். அலைகிற அந்த ஒரு வாரம் பத்து நாளில் புரதத்தில் விஷம் கலந்து வைத்தால் முட்டை வைப்பதற்கு முன்னாலேயே தின்று சாகும். இதில் ஹவாய்க்காரர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்த உதாரணம், ஏனென்றால் அவர்கள் நிலைமை நம் நிலைமைதான். இரண்டாம் உலகப்போர் முடிகிற சமயத்தில் டார்சாலிஸ் அங்கே போய்ச் சேர்ந்தது. காடெல்லாம் கொய்யா தானாக முளைத்துக் கிடக்கிற ஊர், அதற்கு நடுவே பப்பாளித் தோட்டங்கள். காட்டுக் கொய்யாவை யாராலும் வெட்டித் தீர்க்க முடியாது. அதனால் ஈ வருகிற ஓரத்தில், வேலிச் செடிகளிலும் ஓர வரிசைகளிலும் ஸ்பினோசாட் என்கிற பூச்சிமருந்து கலந்த புரத இரையைச் சொட்டுச் சொட்டாக வாராவாரம் தெளித்தார்கள், தோட்டத்துக்குள் உதிர்ந்த பழத்தை எல்லாம் அப்புறப்படுத்தினார்கள். இரண்டும் சேர்ந்தபோது பழத்தில் புழு நன்றாகக் குறைந்தது. கவனியுங்கள், இரண்டும் சேர்ந்தபோது.

நம் ஊர் மருந்துக்கடையில் புரத இரை கேட்டால் சில இடத்தில் புரத ஹைட்ரோலைசேட் என்று கிடைக்கும், பல இடத்தில் முழிப்பார்கள். டோங்காவிலும் வியட்நாமிலும் பீர் ஆலைக் கழிவு ஈஸ்டிலிருந்தே இரை தயாரித்துவிட்டார்கள். பீர் ஆலைக்கு நம் மாநிலத்தில் பஞ்சமா என்ன? ஆனால் அதைச் செய்ய ஆளில்லை. அது கிடைக்காதவர்கள் வெல்லக் கரைசலைத்தான் பயன்படுத்துகிறார்கள். வெல்லம் இனிப்புதான், புரதம் இல்லை, அதனால் இழுப்பு குறைவு. ஒன்றும் இல்லாததற்கு அது பரவாயில்லை. எதுவானாலும் தோப்பு முழுக்கக் குளிப்பாட்ட வேண்டாம். கொய்யா எல்லையை ஒட்டிய மர வரிசையிலும் வேலியிலும், சொட்டு பெரிதாக விழுகிற மாதிரி நாசிலை மாற்றி, இலைக்கு அடிப்புறமாக அங்கங்கே ஒரு சதுர மீட்டர் அளவுக்குத் தெளித்தால் போதும். காயில் படக்கூடாது, பூ இருக்கிற நேரத்தில் தேனீ வருகிற இடத்தில் கூடவே கூடாது. காலையில் அடிப்பது நல்லது, ஈ அப்போதுதான் தீனி தேடும். மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும், மறுபடி அடிக்க வேண்டும். மருந்து எது, எவ்வளவு என்பதை உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கையேடுகளைப் பார்த்துக் கலக்க வேண்டாம். பந்தலுக்கு மீன் தூள் பொறியில் டைக்குளோர்வாஸ் விடச் சொல்லி இன்னும் பல இடத்தில் எழுதியிருக்கிறது, அந்த மருந்துக்கு 2020 முடிவோடு தடை வந்துவிட்டது.

இது எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை உதிர்ந்த பழம். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது, ஏனென்றால் இதில் வாங்குவதற்கு எதுவும் இல்லை, குனிந்து பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு கொய்யாப் பழத்தில் பத்து இருபது புழு சாதாரணமாக இருக்கும். பழம் விழுந்தபின் புழு வெளியே வந்து மேல்மண்ணில் இரண்டு மூன்று விரல் ஆழத்துக்குள் கூடு கட்டிவிடும். அதனால் வாரம் இரண்டு தடவையாவது பொறுக்க வேண்டும், மாசத்துக்கு ஒரு தடவை பொறுக்கினால் வெறும் தோலைத்தான் பொறுக்குவீர்கள், புழு எப்போதோ மண்ணுக்குள் போயிருக்கும். பொறுக்கியதை எங்கே போடுகிறோம் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வாய்க்கால் ஓரத்தில் குவிப்பது, எருக்குழியில் கொட்டுவது, ஒரு சாண் குழி தோண்டி மண்ணைத் தள்ளுவது, இதெல்லாம் ஈக்குப் பண்ணை வைத்துக் கொடுக்கிற வேலை. புதைப்பதானால் இரண்டடிக்கு மேல் மண் மூட வேண்டும். எனக்குப் பழகிப்போனது கனமான பிளாஸ்டிக் சாக்கு: பழத்தைப் போட்டு வாயை இறுகக் கட்டி வெயிலில் இரண்டு வாரம் போட்டுவிட்டால் உள்ளேயே வெந்துவிடும், அப்புறம் அதைத் தாராளமாக எருக்குழியில் கொட்டலாம். நாற்றம் வரும், வீட்டுப் பக்கம் வைக்காதீர்கள்.

ஹவாயில் இதற்கு ஒரு வலைக் கூடாரம் போடுகிறார்கள். உதிர்ந்த பழத்தை எல்லாம் அதற்குள் கொட்டிவிடுவார்கள், வலைக்கண் அளவு எப்படி என்றால் பழ ஈ வெளியே வர முடியாது, அதன் முட்டைக்குள் முட்டை வைக்கிற பொடிக் குளவி மட்டும் வெளியே வந்துவிடும். பகையை அடைத்துவைத்து நண்பனை மட்டும் அவிழ்த்துவிடுகிற ஏற்பாடு. நம் நிழல்வலைக்காரர்கள் யாராவது இந்த அளவில் தைத்துக் கொடுத்தால் வாங்க நான் தயார்.

அறுவடை முடிந்ததும் மரத்தடியை லேசாகக் கொத்தியோ உழுதோ விட்டால் கூட்டுப்புழு மேலே வந்து வெயிலிலும் எறும்பிலும் சாகும். கோழி மேய்கிற தோப்பில் இது இன்னும் நன்றாக நடக்கும்.

சரி, நம் தோப்பில் நாம் பொறுக்கலாம். பக்கத்துத் தோப்பில்? மேற்கே கொய்யா வைத்திருக்கிற அண்ணனிடம் முதல்தடவை இதைப் பேசினபோது அவர் சொன்னது: “தம்பி, மண்டியில விலை கெடக்குற கெடையில பறிக்கிற கூலியே கட்டல. விழுந்ததைப் பொறுக்க ஆள் விடுன்னு சொல்றியே?” அவர் சொன்னதில் தப்பே இல்லை. பழ ஈ கூடுவதற்கும் மண்டி விலைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது, இதை எந்தக் கையேடும் எழுதுவதில்லை. விலை விழுந்தால் பழம் மரத்திலேயே நின்று அழுகும், கீழே கொட்டும், அடுத்த மாசமே அத்தனையும் ஈயாகப் பறக்கும். 2025ல் சித்தூர், கிருஷ்ணகிரிப் பக்கம் கிளிமூக்கு மாங்காய் விலை சரிந்து, பறித்தாலும் கட்டாது என்று காயை மரத்திலேயே விட்டவர்கள் எத்தனை பேர்! ஒருத்தர் தோப்பில் விலை கேட்காமல் கிடக்கிற பழம், அடுத்த ரகம் வைத்திருக்கிறவருக்குப் புழு. இதில் குத்தகை வேறு. மாந்தோப்பைப் பூவிலேயே வியாபாரிக்குப் பேசி விட்டுவிடுகிறோம். அவருக்கு நல்ல காயை ஏற்றுவதில்தான் அக்கறை, உதிர்ந்ததும் வெம்பலும் அப்படியே கிடக்கும், ஆடியில் அவர் கணக்கு முடித்துவிட்டுப் போய்விடுவார், ஈ மட்டும் நமக்குப் பாக்கி. குத்தகை பேசும்போதே உதிர்ந்த பழத்தை அகற்றுவது யார் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள், அதற்காகத் தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை.

கொய்யா அண்ணனோடு கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். எல்லையை ஒட்டிய அவருடைய நாலு வரிசையில் உதிர்ந்ததை எங்கள் ஆளே பொறுக்குகிறார், கூலி என்னுடையது. அவர் பக்கம் வேலியில் நான் இரை தெளித்துக்கொள்ளலாம். பொறுக்குகிற பழத்தில் நல்லதாக இருப்பதை அவர் மாட்டுக்கு எடுத்துக்கொள்கிறார், அதுவும் வேகவைத்துத்தான். எனக்கு இது தர்மம் இல்லை, கணக்கு. நாலு வரிசை கொய்யாவில் பொறுக்குகிற கூலி, மாந்தோப்பு முழுக்க ஒரு தடவை டேங்க் பிடித்து மருந்தடிக்கிற செலவில் பாதிகூட வராது. அவருக்கும் லாபம்தான், அவர் கொய்யாவிலும் புழு குறைகிறது, அது அவருக்கே இப்போது தெரிகிறது. இதற்கு நடுவில் ஒரு பகுதியைப் பழைய லக்னோ 49 கொய்யா ரகத்திலிருந்து தைவான் பிங்க்குக்கு மாற்றியிருக்கிறார். அந்த ரகத்துக்கு எலுமிச்சை அளவு இருக்கும்போதே நுரை வலையும் பிளாஸ்டிக் பையும் போட்டுவிடுகிறார்கள், ஈ குத்த இடமே கிடையாது. பக்கத்தில் கொய்யா வருகிறது என்று பயப்படுகிறவர்கள் என்ன ரகம், பை போடுவார்களா என்று முதலில் விசாரியுங்கள். பை போட்ட கொய்யாத் தோப்பு நல்ல அண்டைவீடு. பை போடாமல் கழித்த பழத்தைக் கீழே விட்டால் மட்டும் அதுவும் கெட்ட அண்டைவீடுதான்.

மாங்காய்க்கும் பேப்பர் பை உண்டு. இமாம் பசந்த் மாதிரி விலை போகிற ரகத்துக்குக் கட்டுப்படியாகும், எட்டுகிற உயரத்தில் காய்க்கிற மரமாக இருந்தால். எங்கள் பாட்டன் வைத்த உயர நீலத்துக்கு ஏணி போட்டுப் பை மாட்டுவது நடக்கிற காரியமா?

நேரடியாக வீடுகளுக்குப் பெட்டி அனுப்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். வெளியே பொட்டு தெரியாத காயிலும் முட்டை இருக்கும், போய்ச் சேர்ந்து பழுத்தபின் புழு தெரியும், ஃபோன் வரும். பறித்த முற்றிய காயை 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்து ஆறவிட்டால் முட்டையும் குட்டிப் புழுவும் செத்துவிடும். சூடு சீராக இருக்க வேண்டும், அண்டாவில் குத்துமதிப்பாக வைத்தால் தோல் வெந்துபோகும், தெர்மாமீட்டர் வேண்டும். ஏற்றுமதிக்கு இதுவும் ஒரு வழக்கம். 2013ல் இந்தியாவிலிருந்து போன 207 சரக்குகளில் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் கிடைத்து, 2014 மே 1 முதல் ஐரோப்பிய யூனியன் நம் மாம்பழத்தோடு கத்தரி, பாகல், புடலை, சேம்பையும் தடை செய்தது. மாம்பழத்துக்கு மட்டும் 2015 தொடக்கத்தில் தடை நீங்கியது, இந்த மாதிரி ஏற்பாடுகளை எல்லாம் காட்டிய பிறகு.

இப்போது எனக்கு மிச்சம் இருப்பது தெற்குப் பக்கத்துச் சப்போட்டா. உடையவர் திருப்பூரில் இருக்கிறார், தோப்பைப் பார்க்க ஆள் கிடையாது, பழம் விழுந்து காய்ந்து கிடக்கிறது. தெற்கு எல்லை ட்ராப்தான் தை மாசமே முதலில் ஏறுகிறது. ஃபோனில் பேசினால் “வர்றப்ப பார்க்கலாம் தம்பி” என்கிறார், வருவதுதான் இல்லை. ரோட்டோரப் பாதாமுக்காவது பஞ்சாயத்துத் தூய்மைப் பணியாளர்களிடம் சொல்லிப் பழத்தைத் தனியாகக் கூட்டி எடுக்க வைக்க முடிந்தது. வெளியூரில் இருக்கிற நிலக்காரரிடம் இந்த மாதிரி ஏற்பாடு பேசி முடித்தவர்கள் யாராவது இருந்தால் எப்படிப் பேசினீர்கள், எழுதிக் கொடுக்கச் சொன்னாரா, கூலியை யார் கொடுத்தது என்று சொல்லுங்கள். மாசிக்குள் முடிவு செய்தாக வேண்டும்.